கடைக்குள்ள ஐஸ் இல்லை, மருமோன்

நீ அனுப்பின சப்பாத்துப் படம் பாத்தன், மருமோன். நல்ல வடிவு. கணுக்காலைச் சுத்தி வெள்ளைச் சடை, பக்கத்தில பொன் நிறத்தில ஒரு சிப், அடி நல்ல மெல்லிசு. "மாமா, இது ஓகேயோ?" எண்டு கேட்டிருக்கிறாய். கலியாண வீட்டுக்கு எண்டா ஓகே. ஜனவரி மாசம் ஸ்காபரோவில பஸ் ஸ்ரொப்பில நிக்கிறதுக்கு எண்டா, அந்தச் சடையை வெளியால தைச்சவனைத் தேடிப் பிடிச்சு ஒரு கேள்வி கேக்கவேணும். குளிருறது உன்ர காலுக்கோ, றோட்டால போறவனுக்கோ?

கொம்மாவும் ஃபோன் எடுத்தவ. "அண்ணை, பெடியன் குளிருக்குள்ள தனிய நிக்கிறான், நல்ல ஜக்கெற் ஒண்டு வாங்கிக் குடுங்கோ" எண்டா. நீ ஏற்கெனவே கடன் மட்டையைத் தேய்ச்சு, தோளில பட்டி தைச்ச ஜக்கெற் ஒண்டு வாங்கிப்போட்டாய் எண்டது அவவுக்குத் தெரியாது. நானும் சொல்லேல்லை. மிஞ்சின சில்லறையிலதான் இப்ப காலுக்குப் பாக்கிறாய் எண்டதையும் சொல்லேல்லை. எங்கட பெடியள் எல்லாருக்கும் உதே வருத்தம்தான். ஜக்கெற் படத்தில விழும், சப்பாத்து விழாது. பேந்து சப்பாத்துப் போட்டவர் விழுவார். அதை ஆரும் படம் எடுக்காட்டி நல்லது.

உனக்கு மூளை இல்லை எண்டு நான் சொல்லேல்லை. கம்பியூற்றர் படிக்கிறாய். ஆனா கடை எண்டது கம்பியூற்றரிலும் பாக்கக் கெட்டிக்காரத்தனமான சாமான். நிலத்தில கார்ப்பெற், மேலால வெக்கைக் காத்து, முன்னுக்கு ஒரு கண்ணாடி. அந்த இடத்தில பாட்டா செருப்போட நடந்தாலும் சோக்காத்தான் இருக்கும். குளிர்காலச் சப்பாத்துக்கு மூண்டு வேலை: சூட்டை உள்ளுக்கு வைச்சிருக்கிறது, தண்ணியை வெளியில வைச்சிருக்கிறது, ஐஸில பிடிச்சு நிக்கிறது. இதில கடைக்குள்ள உனக்குத் தெரியவாறது முதலாவது மட்டும்தான். கையை உள்ளுக்கு விட்டுப் பாத்து "ஆ, மெத்தெண்டு கிடக்கு" எண்டுவாய். தண்ணி கடைக்குள்ள இல்லை. ஐஸும் கடைக்குள்ள இல்லை. விக்கிறவன் எதைப் பற்றிக் கனக்கக் கதைப்பான் எண்டு நினைக்கிறாய்? சூட்டைப் பற்றித்தான். வாங்குறவன் கேக்கிறதும் அதைத்தான். ரண்டு பேரும் சந்தோசமாப் பிரியலாம்.

அதுக்குத்தான் பெட்டியில "மைனஸ் 40" எண்டு கொட்டை எழுத்தில அடிச்சிருக்கிறாங்கள். அந்த எண்ணில ஒரு விசேஷம் இருக்கு. மைனஸ் 40 எண்டா செல்சியஸிலயும் ஃபரனைற்றிலயும் ஒண்டுதான். ரண்டு நாட்டுக்கும் ஒரே பெட்டி காணும். ஆனா அந்த மைனஸ் 40 ஆரின்ர காலுக்கு? நடக்கிறவனுக்கோ, நிக்கிறவனுக்கோ? என்ன சொக்ஸ் போட்டவனுக்கு? எல்லாக் கொம்பனியும் ஒரே தராசில நிறுத்துப் போடுற எண் இல்லை உது. ஒரு கொம்பனியின்ர மைனஸ் 30 மற்றக் கொம்பனியின்ர மைனஸ் 40ஐ விடச் சூடா இருக்கலாம். தராசு ஒண்டில்லாத இடத்தில எண் எவ்வளவும் பெருக்கும்.

அது போகட்டும், நீ போறது வட துருவத்துக்கோ? ரொறன்ரோவில மைனஸ் 20 வந்தாலே ரீவியில எச்சரிக்கை போடுவாங்கள். இஞ்சத்தைக் குளிர் மனிசரை விழுத்துறது மைனஸ் 30இல இல்லை, பூச்சியத்துக்குப் பக்கத்திலதான். பகல் பிளஸ் 2, ராத்திரி மைனஸ் 6. மத்தியானம் உருகி ஓடினது விடிய முந்திக் கண்ணாடியாப் போயிடும். அதுக்கு மேல எப்பன் ஸ்னோ தூவி விட்டா, அலங்காரமும் முடிஞ்சுது. இன்னொண்டு கேள். நல்லா விறைச்ச ஐஸை விட உருகுற ஐஸ்தான் கனக்கச் சறுக்கும். ஐஸின்ர மேல்தோலில மெல்லிசாத் தண்ணிப் படை ஒண்டு இருக்கும். பூச்சியத்துக்குக் கிட்ட வரவர அது தடிக்கும். மைனஸ் 25இல ஐஸ் காலுக்கு எப்பன் மரியாதை குடுக்கும், மைனஸ் 1இல துளியும் குடாது. "இண்டைக்குக் குளிர் குறைவு மாமா" எண்டு நீ ஸ்னீக்கரோட வெளிக்கிடுறதும் அண்டைக்குத்தான்.

2013 டிசெம்பரில கிறிஸ்மஸுக்கு ரண்டு மூண்டு நாளைக்கு முந்தி உறைமழை பெய்தது. மரக்கொப்பு, கரண்ட் கம்பி, வாசல்படி எல்லாத்திலயும் ஐஸ் ஏறி, லட்சக்கணக்கான வீட்டில கரண்ட் இல்லை. அண்டைக்கு ஆரின்ர ஜக்கெற் எவ்வளவு விலை எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. முன்வீட்டு வேலியைப் பிடிச்சுப் பிடிச்சுப் போன சனம்தான் கடைக்குப் போய்ச் சேந்தது.

இப்ப ஒரு விசர்க் கதை சொல்லுறன், ஆனா உண்மை. டவுன்ரவுனில யூனிவேர்சிற்றி அவெனியூவில ரொறன்ரோ ரிஹாப் எண்டு ஒரு ஆஸ்பத்திரி இருக்கு. அங்க நிலத்துக்குக் கீழ ஒரு ஆய்வுகூடம், பேர் வின்ரர்லாப். முழு அறையும் குளிர், நிலம் முழுக்க ஐஸ். ஆளுக்கு வார் கட்டி மேல கொழுவி விட்டிட்டு, நடவடா எண்டுவினம். அவன் நடக்க நடக்க அறையையே ஒரு பக்கம் சரிச்சுக்கொண்டு போவினம். எத்தனை பாகை சரிவு வரைக்கும் சப்பாத்து வழுக்காமல் நிக்குது எண்டு எழுதுவினம். காய்ஞ்ச ஐஸிலயும் நடக்க விடுவினம், தண்ணி நிண்ட ஐஸிலயும் நடக்க விடுவினம். 7 பாகை தாங்கினா ஒரு பனிப்பூ, 11 தாங்கினா ரண்டு, 15 தாங்கினா மூண்டு. 7 எண்டதை ஏன் எடுத்தவை? நடைபாதை றோட்டுக்கு இறங்கிற இடத்தில ஒரு சரிவு இருக்குமே, அது அவ்வளவுக்கு வரலாம். மனிசர் நாரி முறியிறதும் அந்த இடத்திலதான்.

2016இல அவை முதல் தடவையா மாக்ஸைப் பகிரங்கப்படுத்தினவை. கடையில விக்கிற 98 வகைச் சப்பாத்து, வேலைக்குப் போடுறதும் சாதாரணமாப் போடுறதும். அதில ஒரு பனிப்பூவாவது வாங்கினது நூற்றுக்கு 8 வீதம்தான். மிச்சம் முழுக்க ஃபெயில். எல்லாம் "வின்ரர் பூட்ஸ்" எண்டு பேர் எழுதி வித்ததுதான் மருமோன், செருப்பில்லை. அதுக்குப் பிறகு கொம்பனிகளும் எப்பன் வெக்கப்பட்டு அடியைத் திருத்தத் தொடங்கினவை. ரேட் மை ட்ரெட்ஸ் எண்டு தேடினா அந்தப் பட்டியல் ஃபோனில வரும், காசும் இல்லை. நீ விடியவிடிய அந்த ஃபோனிலதானே கிடக்கிறாய், ஒருக்கா அதையும் பார்.

பட்டியலில இல்லாத சப்பாத்து எண்டா என்ன செய்யிறது? திருப்பி அடியைப் பார். ஆழமான பல்லைக் கண்டவுடனை மயங்காதை. பெரிய பல் ஸ்னோவுக்கும் சேத்துக்கும் நல்லது, உள்ளுக்குப் புதைஞ்சு பிடிக்கும். மொட்டை ஐஸில பல் புதைய ஒண்டும் இல்லை. அங்க வேலை செய்யிறது அடி ஐஸோட எவ்வளவு படுது, எவ்வளவு இளக்கமாக் கிடக்குது எண்டதுதான். பெருவிரல் நகத்தால அடியைக் குத்து. நகம் எப்பனாவது அமிழ்ந்தா நல்லது. பிளாஸ்ரிக் வாளியைத் தட்டின சத்தம் வந்தா வைச்சிட்டு வா. கடைச் சூட்டுக்குள்ளயே விறைச்சு நிக்கிற அடி வெளியில போய் என்ன இளகவோ போகுது? குளிரில அது இன்னும் விறைக்கும். நல்ல றப்பர்தான் குளிரிலயும் வளையும்.

நம்பிக்கை இல்லையெண்டா பில்லை எறியாமல் வைச்சுக்கொண்டு, ஒரு ராத்திரி சப்பாத்தைப் பையில சுத்தி ஃப்றீசருக்குள்ள வை. மீன் பாசலுக்குப் பக்கத்தில இடம் இருக்கும். உன்ர பேஸ்மென்ற் வீட்டுக்காரி பாத்துக் கேட்டா, மாமா சொன்னவர் எண்டு சொல்லு, என்னை அவவுக்கு ஏற்கெனவே பிடிக்காது. வீட்டு ஃப்றீசர் மைனஸ் 18 மட்டில நிக்கும். விடிய எடுத்தவுடனை அடியை வளைச்சுப் பார், நகத்தால குத்திப் பார். கடைக்காரன் சொல்லாததை அது சொல்லும்.

இப்ப வாற சில அடிகளில றப்பருக்குள்ள பொடிக்கல்லுக் கலந்திருக்கும், தடவினா அரம் பிடிக்கும். சிலதில கண்ணாடி இழை ஓடும். அந்த ஆஸ்பத்திரிச் சோதினையில பாஸான சாதிகள் இதுகள்தான். நல்ல சாமான். ஆனா தேயும். காய்ஞ்ச கொங்கிறீற்றில அதைப் போட்டுக்கொண்டு நவம்பர் முழுக்க ஊர் உலாத்தினா, பெப்ரவரியில உனக்கு மிஞ்சுறது பேர் மட்டும்தான்.

வெயர்ஹவுஸில ராவேலை செய்யிறாய் எண்டு கேள்விப்பட்டன். அதுக்குக் குடுத்த சேஃப்ரி சப்பாத்தில பச்சை முக்கோணம் இருக்கு எண்டு புழுகினாயாம். இருக்கட்டும். அந்த முக்கோணம் சொல்லுறது, பாரம் விழுந்தா விரல் தப்பும், ஆணி மிதிச்சா அடி தாங்கும் எண்டு. ஐஸைப் பற்றி அது ஒரு வார்த்தை சொல்லேல்லை. அதோட விரலுக்கு மேல இரும்புத் தொப்பி எண்டா, பஸ்ஸுக்கு நிக்கேக்க அந்த இரும்பு குளிரை வாங்கி விரலுக்குத்தான் குடுக்கும். கொம்பசிற் எண்டு இரும்பில்லாத தொப்பி வருகுது, அடுத்தமுறை அதைக் கேள்.

இனித் தண்ணிக்கு வருவம். ஸ்னோ வெள்ளையா விழேக்க நீ வீடியோ எடுத்து ஊருக்கு அனுப்புவாய், சரி. மூண்டாம் நாள் அது உப்பும் ஊத்தையும் சேந்து மண்ணிறக் கூழாகி, நடைபாதை ஓரத்தில குளம் கட்டி நிக்கும். எவ்வளவு ஆழம் எண்டு பாத்தா விளங்காது, மிதிச்சாத்தான் விளங்கும். அப்ப "வோட்டர் றெசிஸ்ரன்ற்" எண்டு எழுதின சப்பாத்து என்ன செய்யும் தெரியுமோ? தண்ணியை எதிர்க்கும். எதிர்த்துப் போராடித் தோற்கும். உனக்கு வேணுமெண்டது "வோட்டர்புறூஃப்". அப்பிடி எழுதியிருந்தாலும் நாக்கைப் பார். கயிறு கட்டுற இடத்துக்குப் பின்னால இருக்கிற நாக்கு ரண்டு பக்கமும் உடம்போட சேத்துத் தைச்சிருக்கவேணும். தைக்காமல் தொங்குதெண்டா, கொம்பனி எவ்வளவு நல்ல தோல் போட்டிருந்தாலும் தண்ணி நேர வாசலால வரும். கீழ்ப்பாதி தையலே இல்லாத ஒரே றப்பராக் கிடந்தா இன்னும் நல்லம்.

அந்த வடிவத்தில சப்பாத்து செய்து பேர் எடுத்தவன் அமெரிக்காவில மெய்ன் மாநிலத்துக்காரன் ஒருத்தன், எல்.எல். பீன். 1912இல கீழ றப்பர், மேல தோல் எண்டு வேட்டைக்குப் போறவைக்காக முதல் 100 சோடி வித்தான். றப்பரும் தோலும் சேருற தையல் விட்டு 90 சோடி திரும்பி வந்திட்டுது. அவன் காசைத் திருப்பிக் குடுத்து, கடன் வாங்கித் திரும்பச் செய்தான். சப்பாத்து பிழைக்கிற இடம் எப்பவும் தையல்தான் எண்டு அப்பவே தெரிஞ்சு போச்சு. நீ இன்னும் சிப்பின்ர நிறத்தைப் பாக்கிறாய்.

இவனுக்கெல்லாம் முந்தி, வடக்கில இருக்கிற இனுவிட் சனம் இந்தக் கணக்கை முடிச்சு வைச்சிட்டுது. அவையின்ர சப்பாத்துக்குப் பேர் கமிக். கடல்நாய்த் தோலில பொம்பிளையள் தைக்கிறது. நூல் எது தெரியுமோ? மிருகத்தின்ர தசைநார். ஊசி தோலின்ர பாதித் தடிப்புக்கு மட்டும் போகும், மற்றப் பக்கம் துளை வராது. தண்ணி பட்டா நார் வீங்கி, இருக்கிற துளையையும் அடைச்சிடும். பெட்டியும் இல்லை, எண்ணும் இல்லை. இண்டைக்கு கமிக் எண்டு பேர் போட்டு மொன்றியல் கொம்பனி ஒண்டு நல்ல சப்பாத்து விக்குது, நானும் குறை சொல்லேல்லை. ஆனா ஐஸுக்கு மேலயே சீவிச்ச அந்த மனிசியளின்ர கைக்கு முன்னால நானும் நீயும் வாயை மூடிக்கொண்டு நிக்கவேணும்.

சூட்டைக் கடைசியாத்தான் வைச்சனான், ஏனெண்டா அதை நீயே பாப்பாய். ஆனாலும் உன்ர மூண்டு சோடிப் பருத்தி சொக்ஸ் கதை காதில விழுந்தது. ஒண்டுக்கு மேல ஒண்டாப் போட்டு, அதுக்கு மேல சப்பாத்தை இறுக்கிக் கட்டுறாயாம். காலுக்குச் சூடு வாறது இரத்தத்தால, மருமோன். அது போற பாதையை அடைச்சுப்போட்டு, "மாமா, விரல் மரக்குது" எண்டா நான் என்ன செய்யிறது? பருத்தி வேர்வையைக் குடிச்சு வைச்சுக்கொண்டு இருந்து உன்னைக் குளிரப் பண்ணும். கம்பளி ஈரமானாலும் சூடு தரும். நல்ல கம்பளி சொக்ஸ் ஒரு சோடி, அதுக்கு அளவா அரைச் சைஸ் பெரிய சப்பாத்து. உள்ளுக்கு விரல் பத்தும் ஆடவேணும். வாங்கப் போகேக்க அந்தக் கம்பளி சொக்ஸையும் போட்டுக்கொண்டு போ, பின்னேரம் போ, கால் எப்பன் வீங்கியிருக்கும். விடிய வெறும் காலோட போய் அளவு பாத்து வாங்குறவன் பின்னேரம் நொண்டுவான்.

உள்ளுக்கு இருக்கிற பஞ்சுக்கு 200 கிராம், 400 கிராம் எண்டு எழுதியிருப்பாங்கள். அது சப்பாத்தின்ர பாரம் இல்லை, ஒரு சதுர மீற்றருக்கு எவ்வளவு பஞ்சு எண்ட கணக்கு. பஸ் பிடிக்க ஓடுற உனக்கு 200, 400 காணும். ஏரியில ஓட்டை போட்டு மீன் பிடிக்கக் குந்தியிருக்கிற வெள்ளைக்காரனுக்குத்தான் 800, 1000. நீ அதை வாங்கிப் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனா, பக்கத்துக் கதிரையில ஆரும் இருக்கமாட்டினம். உள்ளங்காலுக்குக் கீழ எவ்வளவு தடிப்பு எண்டதையும் பார். குளிர் கனக்க ஏறுறது நிலத்தால. கொம்பனி போட்டு விடுற மெல்லிசுத் தகட்டை எடுத்துப்போட்டு, ஃபெல்ற் அட்டை ஒண்டு வாங்கி வைச்சா, மைனஸ் 40 எண்டு எழுதினதில பாதியாவது உண்மையாகும். உள்ளுறை கழட்டி எடுக்கிற சாதி எண்டா இன்னும் விசேஷம், ராவில கழட்டிக் காய வைக்கலாம். ஆனா ஹீற்றருக்கு மேல சப்பாத்தைக் காய வைக்கிற வேலை வேண்டாம். தோல் வெடிக்கும், பசை விடும். பழைய பேப்பரைக் கசக்கி உள்ளுக்கு அடை. தமிழ்க் கடை வாசலில சும்மா அடுக்கி வைச்சிருக்கிற பத்திரிகைகள் ஆருக்கு எண்டு நினைச்சாய்? தோலில வெள்ளையா உப்புப் பூத்தா, தண்ணியில எப்பன் வினாகிரி விட்டுத் துடை.

இவ்வளவும் செய்தும் உறைமழை நாளில எந்தச் சப்பாத்தும் தனிய நிக்காது. அதுக்கு இரும்பு முள்ளு வைச்ச றப்பர் வளையம் விக்குது, சப்பாத்துக்கு மேலால இழுத்துப் போடுறது. பனையேறுறவன் பாதத்தை மட்டும் நம்பாமல் தளநார் கொழுவுற மாதிரித்தான் உதுவும். வெக்கப்படாமல் பையுக்குள்ள ஒரு சோடி வைச்சிரு. ஆனா மோலுக்குள்ள போக முந்திக் கழட்டு. ஐஸில பிடிக்கிற அந்த முள்ளு மாபிளில சறுக்கும். சப்வேப் படியிலயும் அப்பிடித்தான். நடக்கேக்க சின்ன அடி வை, பாதத்தை எப்பன் வெளிப்பக்கம் திருப்பி வை, கையைப் பொக்கற்றுக்குள்ள விடாதை. கையுறை போடு. கொப்பற்ற நடை, நெஞ்சை நிமித்திக் காலை வீசி நடக்கிற அந்தப் பரம்பரை நடை, அதை ஏப்ரல் மட்டும் மடிச்சு வை.

இதெல்லாம் எனக்கு ஆர் சொன்னது எண்டு கேப்பாய். ஸ்னோதான் சொன்னது. 1999 ஜனவரியில ஸ்னோ கொட்டின கொட்டில, ரொறன்ரோ மேயர் மெல் லாஸ்ற்மன் ஆமியைக் கூப்பிட்டவர். மற்ற மாகாணத்துக்காரர் இண்டைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கினம். ஆமிக்குப் பயந்து கடல் தாண்டி வந்த எங்கட சனம், ஆமி ஸ்னோ அள்ள வருகுது எண்ட நியூஸைக் கேட்டு, ஜன்னல் திரையை எப்பன் விலத்தித்தான் பாத்தது. அப்பவே எங்கட ஆக்களுக்குச் சப்பாத்துக்கடை தெரிஞ்சு போச்சு. நீ பிறக்க முந்தி.

சரி, கனக்கக் கதைச்சிட்டன். கம்பளி சொக்ஸ் போட்டு அளந்து உன்ர சைஸை எழுதி அனுப்பு. சனிக்கிழமை பின்னேரம் ரெடியா நில், நான் வாறன். கடைக்காரப் பெட்டைக்கு முன்னால சப்பாத்தைப் பிரட்டிப்போட்டு நகத்தால குத்த உனக்கு வெக்கமாக் கிடக்கும், அதை நான் செய்யிறன். நீ எப்பன் தள்ளி நிண்டு, என்னைத் தெரியாத ஆள் எண்டு நில். காசு குடுக்கேக்க மட்டும் கிட்ட வா.